பின் ஸீட் – ஒன்று

அந்த வீட்டில் கல் உப்பு ஜாடிக்கும் சீட்டு உண்டு. விரல் நீளக் காக்கி அட்டை, மூலையில் ஓர் ஓட்டை, ஓட்டையில் சணல். அட்டையில் மணிமணியான எழுத்தில், ‘பொருள்: கல் உப்பு. எண்ணிக்கை: ஜாடி ஒன்று.’ சாப்பிட வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். “எடுத்தா எடுத்த எடத்துல வைங்க, போதும்” என்பார்.

எங்கள் பிளாக்கில் அவரை ஸ்டோர்ஸ் சார் என்றுதான் கூப்பிடுவோம். வேறு பேர் இருந்தது. இங்கே வேண்டாம். நெய்வேலியில் அப்போது யாருக்கும் பேர் இல்லை, வேலைதான் பேர். பெல்ட்டுக்காரர், பம்ப் சார், சங்கு ஊதுகிறவர் வீட்டம்மா. இவர் சுரங்கத்துக்கான பெரிய ஸ்டோர்ஸில் இருந்தார். மண் வாரும் ராட்சத மெஷினின் இரும்புப் பல்லிலிருந்து சட்டைப் பொத்தான் அளவு வாஷர் வரை அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். எந்த நட்டு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் ஒரு நட்டையாவது ஸ்பேனர் பிடித்து முடுக்கியிருக்கிறாரா என்றால், இல்லை. அது மற்றவர்கள் பாடு. பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் அவர் உலகம் போனதில்லை.

நான் கல்யாணமாகிப் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்த மூன்றாம் நாள், சாமி படம் மாட்டச் சுத்தியல் கேட்டுப் போனேன். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். இரவல் கேட்கவே நாக்கு எழாது. சார் சுத்தியலை எடுத்து வந்து அதன் கழுத்தில் தொங்கிய சீட்டை அவிழ்த்தார். அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. ‘பெற்றுக்கொண்டவர்.’ பேனாவை நீட்டினார்.

“இங்க உங்க பேரு எழுதும்மா.”

“சுத்தியலுக்கா சார்?”

“பொருள் போயிடும்மா. சீட்டுதான் வூட்ல நிக்கும். யார் கைக்குப் போச்சின்னு அதான் சொல்லும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “எழுதிக் குடுத்துடு தங்கச்சி. என்னையே அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்தாரு.”

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்த கதையை அக்கா ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும்போது ஒரு துண்டு, அரிசி புடைக்கும்போது ஒரு துண்டு. காயப்போட்ட வேட்டியில் நிலக்கரித் தூள் பழுப்பாகப் படிந்திருக்கும். அதை உதறிக்கொண்டே சொல்வார்.

சாரின் அப்பா திருவதிகையில் வைத்தியர். கறுப்புக் கார் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. நீண்ட மூக்கு, இரண்டு பெரிய கண், பின்பக்கம் பார்த்துத் திறக்கும் கதவு. அந்தக் கார் ஒரு வாசலில் நின்றால் உள்ளே யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம், அல்லது அந்த வீடு மதிப்பான வீடு என்று அர்த்தம். அக்கா மேல்பட்டாம்பாக்கம், நெசவுக்காரர் வீட்டுப் பெண். வேறு ஜாதி. சார் ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்துவிட்டார். வைத்தியர் அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுப் பெண்கள் எல்லோரும் கேட்க ஒன்று மட்டும் சொன்னார்.

“என் வண்டி போகாத வாசலுக்கு என் வூட்டுப் பொம்பளைங்க யாரும் போவக்கூடாது.”

பதினெட்டு வருஷம் அந்த வண்டி எங்கள் பிளாக்குக்கு வரவில்லை. அதனால் சாரின் அம்மாவும் வரவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்.

பிறகு வைத்தியர் போய்ச் சேர்ந்தார். அண்ணன்கள் வீட்டையும் நிலத்தையும் பிரித்துக்கொள்ள உட்கார்ந்தார்கள். அதுவரை வாயே திறக்காத அம்மா உள்ளறையிலிருந்து ஒரு வார்த்தை சொன்னாராம். “வண்டி சின்னவனுக்கு.” அண்ணன்கள் சிரித்திருக்கிறார்கள். நாலு வருஷமாக ஓடாமல் கோழி அடைகிற வண்டி. தாராளமாக எடுத்துக்கொண்டு போகட்டும்.

“அந்தம்மா மூஞ்சி கூட எனக்கு சரியாத் தெரியாது தங்கச்சி” என்றார் அக்கா. “ஆனா அது எனக்காகச் சொன்ன வார்த்தைன்னு மட்டும் தெரியும்.”

வண்டி வந்த நாளை நான் பார்த்தேன். கரும்பு ஏற்றுகிற டிராக்டர் முன்னால், கயிற்றில் கார் பின்னால், உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சார். திருவதிகையிலிருந்து நெய்வேலி வரை டிராக்டர் கக்கிய புகையெல்லாம் அவர் முகத்தில். பல் மட்டும் வெள்ளை. ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “என்ன சார், நீங்களும் சுரங்கத்துல இறங்கிட்டீங்களா?” என்றார். அன்றைக்கு சார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் வடலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டேங்கைக் கழுவினார், பேட்டரி மாற்றினார், ஏதேதோ ஊதினார். சாயங்காலம் வண்டி இருமியது, மறுபடி இருமியது, பிறகு ஓடியது. பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஏறப்போன என்னைச் சார் தடுத்தார். “தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. பின்னாடி அம்மா எடம்.”

சுற்றி வந்து நிறுத்தியதும் மெக்கானிக், “ஞாயித்துக்கெழமையே போய் அம்மாவ ஏத்திகினு வந்துடுங்க சார்” என்றார்.

சார் பானட்டில் காதை வைத்தார். “உள்ள ஒரு சத்தம் கேக்குதே.”

“நாப்பது வருசத்து வண்டி. சத்தம் இல்லன்னாதான் பயப்படணும்.”

“அம்மா ஏறி வர்ற வண்டி. வழில நின்னா?”

“நின்னா தள்ளலாம் சார்.”

“எங்கம்மாவ எறக்கி விட்டுட்டுத் தள்றதா?”

இத்தனை வருஷத்தில் அந்தச் சாயங்காலத்துக்குத்தான் நான் அடிக்கடி திரும்பிப் போகிறேன். போய் அவர் கையிலிருக்கும் சாவியைப் பிடுங்கி மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன். வண்டி புறப்படுகிறது. கண் விழித்தால் இங்கே அடுப்பில் பால்.

ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற எந்தப் பொருளும் சரிபார்க்காமல் போகாது. சார் வண்டியைச் சரிபார்க்க ஆரம்பித்தார். முதலில் கேட்டது ஒரு சத்தம். அதைத் தேடி ஒரு மூடியைக் கழற்றினார். மூடிக்குக் கீழே துரு. துருவைத் தேடி இன்னொன்று. ஸ்பேனர் பிடித்தறியாத கை அது, விரல் முட்டியெல்லாம் உரிந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி, சீட்டுக் கட்டினார். பெட்டிப் பலகையில் தட்டுகள் அடித்துப் பின்கட்டு முழுக்க அலமாரி எழுந்தது. ஆறு மாதத்தில் கார் வாசலில் செங்கல் மேல் நிற்கும் வெறும் கூடு, தார்ப்பாய்க்கு அடியில். மற்றதெல்லாம் அலமாரியில். என்ன அழகு அந்த அலமாரி! போல்ட்டுகள் ஒரு தட்டு, ஸ்பிரிங்குகள் ஒரு தட்டு, இன்ஜினுக்குள்ளிருந்து வந்த வால்வுகள் எட்டும் ஒரே டப்பாவில் வரிசையாக. ‘பொருள்: வால்வு. எண்ணிக்கை: எட்டு.’

முதலில் முடிந்தது பின் ஸீட். புது ஸ்பிரிங், புதுப் பஞ்சு, கருஞ்சிவப்பு ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளைத் தையல். அதைக் கூடத்தில் இரண்டு பலகை மேல் வைத்து வெள்ளைத் துணி போர்த்தினார். யாரும் உட்காரக்கூடாது. வந்தவர்கள் தரையில் பாயில் உட்கார்வார்கள், ஸீட் துணிக்கடியில் ராஜாத்தி மாதிரி இருக்கும். அதிலும் சீட்டு தொங்கியது. ‘பொருள்: பின் ஸீட். எண்ணிக்கை: ஒன்று. பெற்றுக்கொண்டவர்:’ அங்கே காலி.

“அம்மா இதுல உக்காந்து வந்து நம்ம கேட்டுல எறங்கட்டும். அன்னிக்கு எழுதறேன்” என்றார்.

வைத்தியர் இறந்த பிறகு சார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருவதிகை போனார். எண்ணெய்க் கறை போகாத நகத்தோடு அம்மா எதிரில் உட்கார்ந்து வண்டியில் என்ன ஆயிற்று என்று ஒப்பிப்பார். டைனமோ ஆயிடுச்சிம்மா. ரேடியேட்டர் ஆயிடுச்சிம்மா. அடுத்த மாசம் வந்து உன்ன ஏத்திகினு போறேன். அம்மா கேட்டுக்கொள்வார். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இரண்டு வருஷம் போயிற்று.

ஆனி மாதம். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சார் டூட்டிக்குப் போயிருந்தார். நான் கேட்டருகே முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வயதான அம்மா, கையில் ஒயர் கூடை, ஒவ்வொரு கேட்டாகக் கிட்டே போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எம்மா, ஸ்டோர்ல வேலை செய்றாரே திருவதிகைக்காரரு, அவரு வூடு எது?”

“இதுதாங்க. நீங்க?”

“அவங்கம்மா.”

கீரையோடு ஓடினேன். நான் அக்காவை இழுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா கேட்டுக்குள் வந்து தார்ப்பாயைத் தூக்கி, கூட்டின் மேல் கை வைத்து நின்றிருந்தார். அக்கா படியிலேயே நின்றுவிட்டார். இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

“இன்னா மொறச்சிகினு நிக்கிற?” என்றார் அம்மா. “உம் மாமனாரு இன்னா சொன்னாரு? என் வண்டி போகாத வாசலுக்குப் போவாதன்னாரு. இதோ நிக்குது அவரு வண்டி, உன் வாசல்ல. ரெண்டு வருசமா நிக்குது. நான்தான் புத்தி கெட்டவ, அவன் வருவான் வருவான்னு குந்திகினு இருந்தேன். மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடு.”

அக்கா காலில் விழுந்தார். அம்மா குனிந்து தூக்க முயன்று, முடியாமல், “ஏந்துருடி, எனக்கு இடுப்பு பிடிச்சிக்கும்” என்றார். மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

கூடத்துக்குள் வந்தவர் கண்ணில் வெள்ளைத் துணி பட்டது. துணியைத் தூக்கினார். சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார், முடியவில்லை. “எழுதியிருக்குதே, இன்னாது?”

அக்கா படித்துக் காட்டினார். “உங்களுக்குன்னு தெச்சதுங்க அத்தை. நீங்க உக்காந்தப்புறம்தான் இந்தக் கோட்டுல பேரு எழுதுவாராம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

அம்மா ரெக்ஸினைத் தடவினார். பிறகு இடது ஓரமாக, முதுகைச் சாய்க்காமல், மடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“இந்தப் பக்கம்தான் நான். அவரு முன்னாடி ஓட்டிகினு போவாரு. முப்பது வருசம் அவரு பொடறியத்தான் பாத்துகினு போனேன். ஒரு வாட்டி கூடத் திரும்பி, எங்க போவலாம்னு கேட்டதில்ல.” ரெக்ஸினை ஒரு தரம் தட்டி, “இன்னிக்கி நானா வந்தேன். பஸ்ஸு ஏறி” என்றார்.

அக்கா கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். அம்மா தட்டைக் கையில் வாங்கி அந்த ஸீட்டிலேயே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, “புள்ளைக்கி நல்ல சோறுதான் கெடைக்குது” என்றார். அந்த வாக்கியத்தை அக்கா பிறகு என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஒயர் கூடையில் பலாச்சுளை இருந்தது, மந்தார இலையில் சுற்றி. அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“அய்யோ, அவரு…”

“நான் சொல்றேன் உக்காரு. அவனுக்கு அம்மா நானு.”

அக்கா உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தச் சிவப்பு ஸீட்டில், எங்கும் போகாத வண்டியில், ஒருவருக்கொருவர் சுளை பிட்டுக் கொடுத்துத் தின்றார்கள். நான் பாயில் உட்கார்ந்து தின்றேன். வெளியே தூங்குமூஞ்சி மரத்தில் காக்கை கத்தியது. அந்தக் காலை முடியக்கூடாது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

பின்கட்டு அலமாரியை அம்மா நெடுநேரம் பார்த்தார். சீட்டு சீட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். “சின்னதுலயே இப்டித்தான். கோலி குண்ட நெறம் நெறமாப் பிரிச்சி வெப்பான், ஆடமாட்டான்” என்றார்.

இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்லாத.”

“ஏங்கத்தை? சந்தோசப்படுவாரே.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து, அது ஆயிடுச்சி இது ஆயிடுச்சின்னு சொல்றான். அப்ப அவன் மூஞ்சிய நீ பாக்கல. எட்டு வயசுப் புள்ள மூஞ்சி. நான் பஸ்ஸுல வந்துட்டுப் போயிட்டேன்னா அப்புறம் அந்த மூஞ்சி ஏது? முடிக்கட்டும். வந்து ஏத்திகினு போவட்டும். நானும் புதுசா வர்ற மாதிரி வர்றேன். கண்ணு மங்கிகினே வருது, அதான் தெரியறப்பவே உன்னப் பாத்துடலாம்னு வந்தேன். சத்தியம் பண்ணு.”

அக்கா கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அம்மா என் பக்கமும் கையை நீட்டினார். நானும் அடித்தேன்.

சாயங்காலம் சார் சைக்கிளை நிறுத்தும்போதே, “பலாப்பழம் வாசனை வருதே” என்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, “எங்க வீட்டுக்காரர் பண்ருட்டிலருந்து வாங்கியாந்தார் சார்” என்றேன். அவர் அன்றைக்கு முதல் ஷிஃப்ட்டில் சுரங்கத்துக்குள் இருந்தது பிளாக் முழுக்கத் தெரியும். சார் சந்தேகப்படவில்லை. எனக்குத்தான் இன்றும் பலாச்சுளை தொண்டையில் நிற்கிறது.

வாசனை போய்விட்டது. பிசின் போகவில்லை. ஸீட்டின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்த பலாப்பிசினை அக்கா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். பிசின் போயிற்று, கூடவே நிறமும் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு ரெக்ஸின் வெளிறிவிட்டது. மூன்றாம் நாள் சார் துணியை எடுத்துத் தூசி தட்டும்போது பார்த்தார்.

“யாரு உக்காந்தது?”

“நான்தான்” என்றார் அக்கா. பொய்யில்லை அது.

“அம்மாவுக்கு முன்னாடியா?”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கையில் கரண்டியோடு நின்றேன். கத்தியிருந்தால் தேவலை. சார் கத்தத் தெரியாதவர். துணியை மறுபடி போர்த்தி நாலு மூலையையும் இழுத்துவிட்டார். பதினைந்து நாள் அக்காவோடு பேசவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அக்கா சமைத்தார், பரிமாறினார், துணியில் படிந்த கரித்தூளை உதறினார். “சொல்லிடுங்கக்கா” என்று நான் கெஞ்சினேன். “அந்தக் கைல அடிச்சிக் குடுத்திருக்கேன் தங்கச்சி. எனக்கு அந்தக் கை ஒரு நாளுதான் கெடச்சிது” என்றார்.

ஆவணியில், அம்மாவுக்குப் பார்வை ரொம்பவே மங்கிவிட்டது என்று சார் அவசரப்பட ஆரம்பித்தார். வடலூர் மெக்கானிக் மறுபடி வந்தார். அலமாரியைப் பார்த்து அசந்துபோய், “இந்த மாதிரி சுத்தமா எங்க ஷெட்டுல கூடக் கெடையாது சார்” என்றார். இன்ஜினைப் பூட்ட உட்கார்ந்தார். வால்வு டப்பாவைத் திறந்தார்.

“இதுல எது எந்த ஓட்டைலேருந்து எடுத்தது?”

“எட்டும் ஒரே வால்வுதானே?”

“எழுதி வெக்கலியா?”

“எழுதியிருக்கேனே. எண்ணிக்கை எட்டு.”

மெக்கானிக் டப்பாவைக் கீழே வைத்தார். “சார், உங்க ஸ்டோர்ல இருக்கிறது புதுசு. புதுசுன்னா எட்டும் ஒண்ணுதான். இது நாப்பது வருசம் ஓடினது. ஒவ்வொண்ணும் அது அது எடத்துலயே தேஞ்சி, அந்த எடத்துக்குன்னே ஆயிடும். அண்ணன் சட்டைய தம்பிக்குப் போட்டா நிக்குமா? இது மட்டுமா? மூடி, கம்பி, பேரிங்கு எல்லாத்தையும் இப்டித்தான் இனம் இனமாப் பிரிச்சி வெச்சிருக்கீங்க. இனி ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்து, கழட்டி, மறுபடி போட்டு… எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது.”

சார் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் ஒரு பொருளைக்கூடத் தொலைக்காத மனிதர். இதிலும் ஒன்றும் தொலையவில்லை. எல்லாம் இருந்தது. எங்கே இருந்தது என்பது மட்டும் போய்விட்டது.

அதன் பிறகு டூட்டி முடிந்து வந்தால் இருட்டும்வரை ஒரு வால்வை ஓர் ஓட்டையில் வைப்பார், எடுப்பார், அடுத்ததில் வைப்பார். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கூரைத் தகரத்தில் மழை அறைந்த ஒரு காலையில் நனைந்த சைக்கிளோடு திருவதிகையிலிருந்து ஆள் வந்து நின்றான். அவன் சொல்வதற்கு முன்பே சார் கையைத் துடைத்துக்கொண்டார்.

திருவதிகை வீட்டுக்குள் அக்கா முதல்முறையாக நுழைந்தது அன்றைக்குத்தான். பஸ்ஸில் போனார்கள்.

திரும்பி வந்து சார் கூடத்தில் ஸீட்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். “ஒரு வாட்டி கூட என் வூட்டுக்கு வராமப் போயிட்டாங்களே” என்றார். யாரிடமும் இல்லை, பொதுவாக. “ஓடின வண்டிய நான்தான் பிரிச்சிப் போட்டேன்.”

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் அக்காவைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். இனி என்ன சத்தியம்? அக்கா அலமாரியில் சாய்ந்து நின்றார்.

“இப்ப வரலன்னு அழறாரு. வந்தாங்க, நீ வூட்ல இல்லன்னு சொன்னா? என் கைல சோறு தின்னாங்க, உன்ன ஏமாத்திட்டு தின்னாங்கன்னு சொன்னா? எது தங்கச்சி கொறச்சலா வலிக்கும்? நீ படிச்சவ, சொல்லு.”

அந்தக் கேள்வியை இன்று வரை எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

சார் வண்டியைப் பூட்ட முயலவே இல்லை அதன் பிறகு. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு, திருவதிகை போய்க்கொண்டிருந்த அதே நேரத்துக்கு, அலமாரி முன் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் எடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி, அதே தட்டில் வைப்பார். மங்கிய சீட்டுகளைப் புதிதாக எழுதிக் கட்டுவார். பல வருஷம். எனக்குச் சில சமயம் பயமாக இருக்கும். நோய்ப்பட்ட பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல அத்தனை மெதுவாகத் துடைப்பார்.

ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் அக்காவின் தம்பி வீட்டருகே இரண்டு அறை பார்த்திருந்தார்கள். அலமாரிக்கு அங்கே இடமில்லை. பழைய இரும்புக்காரர் வந்து கூட்டையும் சாமான்களையும் லாரியில் ஏற்றினார். சார் ஒவ்வொன்றிலிருந்தும் சீட்டை அவிழ்த்து எடுத்த பிறகே விட்டார். சணலும் சீட்டுமாக ஒரு கோணிப்பை நிறைந்தது.

கடைசியாக ஸீட். அதை இரும்புக்காரரிடம் கொடுக்கவில்லை. சாரும் எங்கள் வீட்டுக்காரருமாகத் தூக்கி எங்கள் கூடத்தில் வைத்தார்கள்.

“நீங்க வெச்சிக்கோங்கம்மா. அம்மாவுக்குன்னு தெச்சது. அவங்க உக்காரல. யாராச்சும் உக்காரட்டும்.”

வாசலில் அக்கா நின்றார். அவர் கண் என்மேல் இருந்தது, கெஞ்சியதா தடுத்ததா என்று எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். “சார்…” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இனி எதையும் வைக்க இடமில்லை என்று தோன்றியது. “பத்திரமாப் பாத்துக்கறேன் சார்” என்றேன்.

ஸீட்டின் சீட்டை அவிழ்த்தார். கோணியில் போடவில்லை. அடியில் காலியாக இருந்த வரியைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் பேனா நீட்டவில்லை.

சார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அக்கா போன மாதம் போனார். தம்பி மகள் போனில் சொன்னாள். அந்தச் சத்தியத்தில் இருந்த மூன்று பேரில் இனி நான் ஒருத்திதான்.

நாங்களும் நெய்வேலியை விட்டு வந்தாயிற்று. ஸீட் எங்களோடு மூன்று வீடு மாறிவிட்டது. ரெக்ஸின் வெடித்துப் பஞ்சு தெரிகிறது. இடது ஓரத்தில் அந்த வெளிறல் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையைக் கிழித்து ஆணியால் ஓட்டை போட்டேன். சணல் கிடைக்கவில்லை, பூக்கட்டும் நாரைக் கோத்தேன். எழுத்து அவருடையது போல வரவில்லை.

பொருள்: பின் ஸீட்.
எண்ணிக்கை: ஒன்று.
பெற்றுக்கொண்டவர்: அம்மா. ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

கட்டினேன்.